ஆடி மாதத்தை எங்களுக்குத் தாருங்கள்

கொழும்புத் தமிழ் மண்டபங்களின் நிர்வாகசபையினருக்கும் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம்.

ஆடி பிறந்தால் நம்மவர் வீடுகளில் கலியாணப் பேச்சு நின்றுவிடும். மார்கழியிலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை உங்கள் மண்டபங்களின் பதிவுக் கொப்பியைப் புரட்டினால் அந்த இரண்டு மாதங்களின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கதிரைகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும். மணவறைச் சட்டங்கள் மேடையின் மூலையில் துணி போர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். காவலாளி வாசலில் இருந்து பத்திரிகை படிப்பார். அந்த இரண்டு மாதங்களை நாடகக்காரர்களுக்குத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். மேடையேற்றுவதற்குக் கேட்கவில்லை, ஒத்திகைக்குக் கேட்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் நாடகம். பதினெட்டு ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது. எங்கள் குழுவில் பதினொரு பேர். அட்டனிலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கும் தங்கச்சி, தெமட்டகொடையில் முச்சக்கர வண்டி ஓட்டும் முஸ்லிம் நண்பர், மட்டக்குளியில் படிப்பிக்கும் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட இரண்டு பொடியன்கள் என்று ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பேச்சு. மேடையில் ஏறினால் அத்தனை தமிழும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில்தான் எங்கள் நாடகங்கள் பிறக்கின்றன. கொழும்புத் தமிழ் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

எங்களுக்கு ஒத்திகை பார்க்க இடம் இல்லை.

போன நாடகத்தை வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தோம். குழுவில் ஒருவருடைய பெரியப்பா அங்கே குடியிருக்கிறார். அவர் மற்றக் குடியிருப்பாளர்களிடம் சொல்லி அனுமதி வாங்கித் தந்தார். தண்ணீர்த் தாங்கிக்கும் உடுப்புக் காயப்போடும் கொடிக்கும் இடையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு செவ்வகம் கீறினோம். அதுதான் மேடை. மழை பெய்தால் அழிந்துவிடும், மறுநாள் அளந்து மறுபடியும் கீறுவோம். ஒருபுறம் கடல், கீழே கரையோர ரயில் பாதை. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்தால் அரை நிமிடத்துக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ரயில் போகும்வரை நிறுத்தி, பிறகு தொடருவோம்.

நாடகத்தின் நடுவில் ஒரு கட்டம். மகன் வெளிநாடு போகப் போவதாகச் சொல்கிறான். தாய் பதில் சொல்லவேண்டும். தாயாக நடித்தது அட்டன் தங்கச்சி. கடை பூட்டி அவள் வந்து சேர்வதற்கும், அந்தக் கட்டத்துக்கு நாங்கள் வருவதற்கும், மாலை ரயில் கடப்பதற்கும் நேரம் சரியாக இருந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அவள் வாயைத் திறக்கும்போது ரயில் வரும். அவள் வாயை மூடி, மகனைப் பார்த்தபடியே நிற்பாள். ரயில் போன பிறகு சொல்வாள்: “சாப்பிட்டிட்டுப் போ.”

மேடையேற்றிய நாளில் மண்டபத்துக்குள் ரயில் இல்லை. ஆனால் அவள் நின்றாள். அரை நிமிடம் மகனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற நான், வசனத்தை மறந்துவிட்டாள் என்று பயந்து பிரதியைக் கையில் எடுத்துவிட்டேன். மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. பிறகு சொன்னாள், “சாப்பிட்டிட்டுப் போ” என்று. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அந்த அரை நிமிடத்தை எந்த நெறியாளரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்பது மாலைகள் ஒரே இடத்தில் நின்று பழகியதால் அது அவளுடைய உடம்பில் ஏறியிருந்தது. ஒத்திகை என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. இரண்டு மாதம் முடிவதற்குள் மொட்டைமாடியும் பறிபோனது. கீழ்மாடியில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தது. அந்த வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன், பரீட்சை பரீட்சைதான்.

அதே நாடகத்தின் மேடையேற்ற நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். எந்த மண்டபம் என்று எழுதப்போவதில்லை. அங்குள்ளவர்கள் எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள். மண்டபம் எங்களுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. காலையில் ஒரு கலியாணம் முடிந்திருந்தது. மேடையில் அட்சதை அரிசி சிதறிக் கிடந்தது, வெறுங்காலில் குத்தியது. பின்சுவரில் குத்துவிளக்கும் தாமரையும் நிரந்தரமாக வரையப்பட்டிருந்தன. எங்கள் நாடகமோ ஒரு தொடர்மாடி வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஆளி. முதற்காட்சி முடிந்து இருட்டாக்கியபோது மின்விசிறிகளும் ஒலிவாங்கியும் சேர்ந்து நின்றுவிட்டன. வெக்கையில் சபை முணுமுணுத்தது. அதற்குப் பிறகு ஏழு காட்சி மாற்றங்களையும் முழு வெளிச்சத்திலேயே செய்தோம். மகனை வழியனுப்பிய தாய், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தானே குனிந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கலியாணத்துக்குக் கட்டிய மேடை கலியாணத்துக்குத்தான் பொருந்தும். அது குற்றம் அல்ல. கலியாண வாடகை இல்லாவிட்டால் உங்கள் கூரை ஒழுகும், மின்கட்டணம் நிலுவையில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தையிலும் ஆவணியிலும் ஒரு முகூர்த்த நாளைக்கூட நான் கேட்கவில்லை.

கொழும்பில் அரங்குகளே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மருதானையில் டவர் மண்டபம் 1911 இல் திறந்தது, இன்றைக்கும் நிற்கிறது. 1978 இல் அதன் பெயரால் தனிச் சட்டமே இயற்றி ஒரு மன்றம் அமைத்தார்கள். தாமரைத் தடாக அரங்கு 2011 இல் சீன உதவியுடன் எழுந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள். ஓவியர்களுக்கு 1993 இல் தொடங்கிய கலா பொல என்ற திறந்தவெளிக் கலைச் சந்தை இருக்கிறது, அது நடக்கும் நாளில் வீதியோரமே காட்சிக்கூடம். 2019 இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தின் முன்னால் நின்று தமிழில் வாசிக்க முடிகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இவை எல்லாம் முடிந்த வேலையைக் கொண்டுபோய்க் காட்டும் இடங்கள். முடியாத வேலையை வைத்துக்கொண்டு எங்கே போவது? ஒரு நாடகம் ஒரு மாலை மேடையில் நிற்க ஐம்பது மாலைகள் அது தடுமாறி விழவேண்டும். விழுந்து எழும்ப ஒரு தரை வேண்டும்.

லயனல் வென்ட் அரங்கின் கதையை உங்களில் பலர் அறிவீர்கள். இருந்தாலும் ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவர் புகைப்படக் கலைஞர், பியானோ வாசிப்பவர், 1943 இல் ஒன்றுசேர்ந்த 43 குழு ஓவியர்களுக்குத் தோள்கொடுத்தவர். 1944 இல் காலமானார். அவர் குடியிருந்த வீடு நின்ற காணியில்தான் இன்றைய அரங்கும் காட்சிக்கூடமும் நிற்கின்றன. 1953 இலிருந்து அங்கே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் திரை உயர்ந்திருக்கிறது. ஒருவருடைய வீட்டுக் காணி எழுபது ஆண்டுகளாக ஒரு நகரத்துக்கே நாடகம் காட்டுகிறது.

நம்முடைய பக்கத்திலும் கதை உண்டு. ஜிந்துப்பிட்டியிலும் செட்டியார் தெருப் பக்கத்திலும் இந்தியாவிலிருந்து வந்த நாடகக் கம்பனிகள் ஆடியதைத் தாத்தாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். பிறகு லடீஸ் வீரமணி, சுஹைர் ஹமீட், நா. சுந்தரலிங்கம், அ. தாசீசியஸ், க. பாலேந்திரா என்று ஒரு வரிசை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த நகரத்துத் தமிழ் மேடை இவர்களால் நிமிர்ந்தது. பாலேந்திராவும் தோழர்களும் 1978 இல் தொடங்கிய அவைக்காற்றுக் கலைக் கழகம் பிறகு லண்டனுக்குப் போய் அங்கே தொடர்ந்தது. அப்படிப் போனவர்களோடு விளக்கமைப்புத் தெரிந்தவர்கள், ஒப்பனை தெரிந்தவர்கள், பிரதியை எப்படித் திருத்துவது என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தரக்கூடியவர்கள் எல்லோரும் போனார்கள். எங்கள் தலைமுறை அதை எல்லாம் முதலிலிருந்து கற்றது. ஆளி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து.

ஏன் போனார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கொம்பனித்தெருவில் ரியோ திரையரங்கு நின்றது. ஒரு தமிழ்க் குடும்பம் 1965 இல் திறந்தது. 1983 யூலைக் கலவரத்தில் எரித்தார்கள். 2019 இல் கொலம்போஸ்கோப் கலைவிழா அந்தக் கட்டடத்தொகுதியில் நடந்தபோது நானும் போனேன். பூச்சு உதிர்ந்த சுவர்களுக்கு முன்னால் இளம் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை வைத்திருந்தார்கள். ஒரு படிக்கட்டில் நின்று கையை வைத்துப் பார்த்தேன். சுவர் குளிர்ந்திருந்தது, விரலில் தூள் ஒட்டியது. எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, பல்கலைக்கழக மாணவியாக இருக்கவேண்டும், அங்கே என்ன நடந்தது என்று தன் நண்பனிடம் மெதுவாகக் கேட்டாள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. அந்தக் கேள்வி அந்த இடத்தில்தான் பிறக்க முடியும். கட்டடத்தைப் பூட்டி வைத்திருந்தால் அவள் அங்கே நின்றே இருக்கமாட்டாள்.

அந்த யூலையும் ஆடிதான். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வருவதும் ஆடியில்தான். எங்கள் அம்மா ஆடியில் வெளியில் அதிகம் போகவிடமாட்டார். ஏன் என்று கேட்டால், ஆடி அப்படித்தான் என்பார். அவர் பஞ்சாங்கத்தைச் சொன்னாரா, அந்த ஆண்டைச் சொன்னாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆடி மாதத்தில் கொழும்பில் ஒரு தமிழ் மண்டபம் விளக்கேற்றி, உள்ளே பத்துப் பேர் சத்தமாகத் தமிழில் பேசி, அழுது, சிரித்து ஒத்திகை பார்ப்பதை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகள் எனக்குத் தெரியும். சிலவற்றை நேரடியாகவே கேட்டிருக்கிறேன்.

கோயிலோடு சேர்ந்த மண்டபம், ஆசாரம் கெடும் என்கிறீர்கள். செருப்பை வாசலில் விடுவோம், மச்சச் சாப்பாடு கொண்டுவர மாட்டோம், பூசை மணி அடிக்கும்போது ஒத்திகையை நிறுத்துவோம். ரயிலுக்கு நிறுத்திப் பழகியவர்களுக்கு மணிக்கு நிறுத்துவது கஷ்டம் அல்ல.

மின்கட்டணம் என்கிறீர்கள். இரண்டு குழல் விளக்கும் ஒரு மின்விசிறியும் போதும். மானி பார்த்துக் கட்டிவிடுகிறோம். காவலாளிக்கு மேலதிக நேரம் வருமென்றால் அதையும் நாங்கள் கொடுக்கிறோம். கையில் காசு இல்லை என்பதற்காகக் கடனாளியாக வந்து நிற்கமாட்டோம். முழுநாள் கலியாண வாடகையை இரண்டு மணிநேர ஒத்திகைக்குக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஏதாவது பிரச்சினை வரும், நாடகத்தில் என்ன பேசுகிறீர்களோ என்று ஒருவர் கேட்டார். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. பகிரங்கமாக மேடையேற்றும் நாடகத்தின் பிரதியைத் தணிக்கைக்குக் கொடுக்கவேண்டும் என்பது 1912 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை. அதையும் நாங்கள் செய்கிறோம். உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறோம், வாசித்துப் பாருங்கள். வாசித்தபின் கேள்வி இருந்தால் ஒத்திகைக்கு வந்து கதிரை போட்டு இருங்கள். நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார் என்பது எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பதுதான் கடைசி மறுமொழி. கேட்கட்டும். அப்படிக் கேட்கும் அளவுக்குக் கொழும்பில் தமிழ் நாடகக் குழுக்கள் இருக்குமானால் அது எவ்வளவு நல்ல தொல்லை! செவ்வாய் ஒரு குழு, வியாழன் ஒரு குழு என்று பலகையில் எழுதிவிடலாம். 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் புதன்கிழமைகளில் அறிவோர் ஒன்றுகூடலை நடத்திவந்திருக்கிறது. கிழமையில் ஒரு நாள், ஒரு நேரம், கதவு திறந்திருக்கும் என்று தெரிந்தால் ஆட்கள் தாமாக வருவார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. பேச்சுக்கு ஒரு புதன்கிழமை கிடைத்ததுபோல நாடகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கிடைக்கக்கூடாதா?

மாநகர சபையிடம் போய்க் கேளுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. கேட்போம். புறக்கோட்டையில் 1873 இல் கட்டிய பழைய நகர மண்டபம் இருக்கிறது. 1928 இல் புதிய நகர மண்டபம் எழுவதற்கு முந்திய காலத்தில் இந்த நகரத்தின் சபை அங்கேதான் கூடியது. இன்று அருங்காட்சியகம். மேல்மாடியில் நீண்ட மேசையைச் சுற்றிப் பழைய சபை உறுப்பினர்களின் உருவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். வெளியே நடைபாதைக் கடைக்காரர் தமிழிலும் சிங்களத்திலும் விலை கூவும் சத்தம் யன்னல் வழியாக உள்ளே வரும். விகாரமகாதேவிப் பூங்காவில் திறந்தவெளி அரங்கு இருக்கிறது. இவற்றைப் பற்றி அவர்களுக்குத் தனியாக எழுதுவோம். ஆனால் முதலில் உங்களிடம் வந்தேன். உங்கள் மண்டபங்களில் பல நம்மவர் கொடுத்த காசில் எழுந்தவை. சுவரில் பதித்த கல்லில் நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது, ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. எங்கள் தாத்தாவின் பெயர் ஒரு கல்லில் கீழிருந்து மூன்றாவதாக இருக்கிறது. வெற்றிலைக்கடை வைத்திருந்த மனிதர். அவர் கலியாண மண்டபத்துக்கென்று கொடுக்கவில்லை, தமிழாட்கள் கூட ஓரிடம் வேண்டும் என்று கொடுத்தார்.

கேட்பதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கிழமைக்கு இரண்டு மாலைகள், ஆறு மணியிலிருந்து எட்டரை வரை. மற்ற மாதங்களில் மண்டபம் சும்மா கிடக்கும் ஒரு வேலைநாள் மாலை. மார்கழியில் திருவெம்பாவை விடியற்காலையில்தான், மாலையில் இடைஞ்சல் இல்லை. இதற்கு நிர்வாகசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

அடுத்த முறை மண்டபத்துக்கு வர்ணம் பூசும்போது மூன்று சின்ன வேலைகளையும் சேர்த்துச் செய்யுங்கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனித்தனி ஆளி. மேடைக்கு முன்னால் கூரையின் கீழ் குறுக்காக ஒரு இரும்புக் குழாய், வாடகை விளக்குகளைக் கொழுவ. பின்சுவரை மறைக்க இழுத்து மூடக்கூடிய ஒரு கறுப்புத் திரை. கலியாணத்தன்று திரையை ஒதுக்கிவிட்டால் குத்துவிளக்கும் தாமரையும் அப்படியே இருக்கும். குழாயில் பூமாலை தொங்கவிடலாம், மணவறை அலங்காரக்காரர் உங்களுக்கு நன்றி சொல்வார். அரங்கேற்றம் செய்யும் பரதநாட்டியப் பிள்ளைகளுக்கும் அது உதவும். அந்தப் பிள்ளைகள் எத்தனை மாதம் உழைத்துவிட்டுக் குழல் விளக்கின் கீழ் ஆடுகிறார்கள் என்று நான் ஒவ்வொரு தடவையும் நினைப்பதுண்டு.

எங்கள் பக்கத்திலிருந்து தரக்கூடியதையும் சொல்கிறேன். மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, கதிரைகளை அடுக்கிவிட்டுத்தான் போவோம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாடகத்தை உங்கள் அங்கத்தவர்களுக்கும் அயலவர்களுக்கும் டிக்கெட் இல்லாமல் நடித்துக் காட்டுவோம். அயலில் உள்ள சிறுவர்களுக்குச் சனிக்கிழமைகளில் நாடகம் பழக்க மட்டக்குளி அக்கா ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வருகிற ஆடிக்கு எங்களிடம் புதுப் பிரதி ஒன்று தயாராக இருக்கிறது. நான்கு பேர், ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு மழை இரவு. அட்டன் தங்கச்சிக்கு இதிலும் பெரிய பாத்திரம். துணிக்கடையில் கிழமைக்கு ஒரு நாள் நேரத்தோடு போக முதலாளி சம்மதித்திருக்கிறார், ஆனால் எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லவேண்டுமாம். செவ்வாயா வியாழனா என்று அவள் என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உங்களிடமிருந்து பதில் வந்தால் அவளுக்குச் சொல்லிவிடுவேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நாடகக்காரன்